ஐந்தாம் வகுப்பின் அடுப்பு

மெட்டுகுடா,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாதங்கிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நானும் ஹர்ஷிதாவும் வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறோம். நீ அங்கே உன் அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கிரி மச்சானிடம் கேட்டால், "இப்பத்தான் படுத்தா மாப்ள" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் அதையே சொல்கிறார். அவரை எத்தனை தடவை பொய் சொல்ல வைப்பது? அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்யாணம் பேசி முடித்த நாட்களில்கூட எஸ்.எம்.எஸ்.தான். நான் லாலாகுடாவில் தெலுங்கு மீடியம் படித்தவன். தமிழ் வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது. பிழை இருந்தால் டீச்சர் சிவப்பு மையில் சுழிக்கலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

இங்கே மழை விடவில்லை. குவார்ட்டர்ஸ் பின்சுவரில் ஈரம் ஏறி, உன் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்திருக்கிறேன். புத்தகங்கள் நனையவில்லை.

போன வாரம் மச்சான் என்னிடம் கேட்டார், என்னதான் நடந்தது, அவள் வாயையே திறக்கவில்லையே என்று. நீ பள்ளியில் எழுதிக் கொடுத்ததைத்தான் நானும் சொன்னேன். அன்று சிக்கி பாடம், நம் ஊர்க் கடலை மிட்டாய். வெல்லம் உருகித் திரவமாவதையும், ஆறினால் மறுபடி திடமாவதையும் காட்ட அடுப்பில் பாகு வைத்திருந்தாய். பிள்ளைகள் தாண்டக் கூடாது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாய். நம் ஹர்ஷிதாவோடு படிக்கிற ஸ்ரீஜாவைக் கூப்பிட்டுத் தட்டைப் பிடிக்கச் சொல்லி நீ பாகை ஊற்றினாய். பிடிதுணி வழுக்கி, அவள் வலது கையில் கொட்டிவிட்டது. தவறு முழுக்க உன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது. வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தால், தண்ணீர் குடிக்கக்கூட என்னை உள்ளே விடாதவள் நீ. நீயா ஒரு குழந்தையைப் பாகுப் பக்கம் கூப்பிட்டாய் என்று நினைத்தேன். மச்சானிடம் சொல்லவில்லை.

அந்தச் சமையல் வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்றும் அவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எட்டில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா என்று நீ கேட்டதற்கு, எட்டுதானே பெரிய நம்பர், அதனால் எட்டில் ஒரு பங்குதான் பெரிது என்று வகுப்பே சத்தம் போட்டதாம். மறுநாள் நீ வீட்டிலிருந்து சப்பாத்தி கட்டிக்கொண்டு போய், பெரிது என்று சொன்னவர்களுக்கெல்லாம் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்தாய். அதன் பிறகு ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை. தெலுங்கில் கடலைக்குப் 'பல்லி' என்று பெயர், தமிழில் பல்லி சுவரில் ஓடும் என்று நீ சொன்னதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பை இங்கே வந்து நடித்துக் காட்டினாய். மச்சான் சிரித்தார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

பள்ளியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். யாராவது சொல்லி உனக்குத் தெரியத்தான் போகிறது. வகுப்பு நடந்த அந்த அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார்கள். பேரண்ட்ஸ் மீட்டிங்கில், அப்படி ஒரு வகுப்புக்குத் தான் அனுமதியே கொடுக்கவில்லை என்றார் பிரின்சிபால் மேடம். அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸில் அந்த வகுப்பின் போட்டோ இருக்கிறது. உன் முகம் வரும் பக்கத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். மாவு பிசைகிற கைகள் தெரிகின்றன.

ஸ்ரீஜாவின் அப்பா வேணுகோபால் எங்கள் ரயில்வே ஷெட்டில்தான் வேலை செய்கிறார் என்பது உனக்குத் தெரியும். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறார். போலீசில் கொடுத்த புகாரைப் பற்றிப் பேசப் போனவர்களிடம், வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பெண்ணுக்கு ஆகியிருந்தால் நான் அதைவிட மோசமாக நடந்திருப்பேன். ஸ்ரீஜாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. மூன்று விரல்கள் மடங்கியே இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன்.

ஹர்ஷிதா அதிகம் பேசுவதில்லை. இனிப்பு எது வைத்தாலும் "நக்கோ" என்று தள்ளிவிடுகிறாள். அம்மா எப்போது வருவாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரே ஒரு நிமிஷம் அவளோடு போனில் பேசு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்


மெட்டுகுடா,
அக்டோபர், தசரா விடுமுறை முடிந்து.

அன்புள்ள மாதங்கிக்கு,

கடிதம் கிடைத்தது, படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய் என்று மச்சான் சொன்னார். பதில் வரவில்லை. பரவாயில்லை, படித்தாயே. குக்கர் விசில் அடித்தால் நீ எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாய் என்றும், அதனால் அண்ணி இப்போது பாத்திரத்தில்தான் சோறு வடிக்கிறார் என்றும் சொன்னார். அண்ணிக்கு என் நன்றியைச் சொல்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன். மச்சான் தவறாக நினைக்க மாட்டார். ஹர்ஷிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்று நீ எப்போதும் குறைப்பட்டுக்கொள்வாய். இன்று அது எனக்கு வசதியாக இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும்போதே இதை எழுத முடிகிறது.

கணக்குப் பரீட்சைத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. உன் மகளா இப்படி என்று கணக்கு டீச்சரே வருத்தப்பட்டார். நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எனக்கு ஸ்பேனர் சைஸ்தான் வருகிறது. அதனால் உன் வழியிலேயே பார்ப்போம் என்று போன ஞாயிறு காலையில் சப்பாத்தி போட்டேன். ஒன்றும் வட்டமாக வரவில்லை. ஒன்றில் நடுவில் ஓட்டை விழுந்து வாஷர் மாதிரி இருந்தது. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று அதைத் தூக்கிக் காட்டினேன். சிரிக்கவில்லை.

சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வா, நாலாக வெட்டிக் கொடு என்றேன். "நான் லைன் தாண்ட மாட்டேன்" என்றாள். எந்த லைன், இங்கே ஒன்றும் இல்லையே என்றேன். தரையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை மாதங்கி. வெறும் தரைதான். ஆனால் அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு, விளிம்பில் நிற்கிற மாதிரி நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பாதித் தெலுங்கு, பாதி ஹிந்தி. அழும்போது அவளுக்குத் தமிழ் வருவதில்லை.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைத் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாயாம். பிள்ளைகள் எல்லோரும் பறக்கிற தோலைப் பிடிக்கப் போயிருந்தார்களாம். ஸ்ரீஜா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று, பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். டீச்சர் மகள் அல்லவா நம் ஹர்ஷிதா, எனக்குத் தெரியும், நான் காட்டுகிறேன் என்று கோட்டைத் தாண்டிப் போய், துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். அது வழுக்கி ஸ்ரீஜா கையில் கொட்டிவிட்டது. "அவ கேட்டா அப்பா. ஷோ மீன்னு கேட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கேட்காமல் இருந்தால் நான் தூக்கியிருக்க மாட்டேன் என்றாள். அடுத்த நிமிஷமே, இல்லை, நானேதான் தூக்கினேன், அவள் கேட்கவில்லை என்றாள்.

அன்று சாயங்காலம் நீ அவள் தோளைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடம்கூடச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாயாம். இப்போது சத்தியத்தை மீறிவிட்டோமே என்று வேறு பயப்படுகிறாள். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இப்போது எல்லோரும் எல்லோருக்கும் ஒரு வாக்கு கொடுத்து உடைத்திருக்கிறோம்.

மாதங்கி, நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தோழியின் கையைச் சுட்டவள் என்று ஒரு பெயர் அவள் கூடவே வளரக் கூடாது என்று நினைத்தாய். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. ஆனால் அதன் பிறகு நீ ஊருக்குப் போய்விட்டாய். நீ போனதற்கு அவள் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருக்கிறாள். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் அம்மா போய்விட்டாள் என்கிறாள். இல்லையம்மா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஆமாம் என்கிற மாதிரி "ஹவ்" என்றாள். அவள் நம்பவில்லை.

உண்மையில் அவளைப் பார்க்க முடியாமல்தான் போனாயா? எனக்குப் பதில் வேண்டாம். அவளுக்கு மட்டும் சொல்.

வேணுகோபாலிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. சொன்னால் உன் மேல் இருக்கிற புகார் என்ன ஆகும், குழந்தையைப் பள்ளியில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தால் கை கால் ஓடவில்லை. ஷெட்டில் இன்று ஒரு போல்ட்டைத் தப்பாக முடுக்கிச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். சொல்லாதே என்றால் சொல்லாதே என்று ஒரு வரி எழுது. சொல் என்றால் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ய மனம் இல்லை.

ஹர்ஷிதா வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீடு, மரம், பூனை. மனிதர்கள் யாரும் இல்லை. பூனை நன்றாக வந்திருக்கிறது.

உன்,
ஜெகதீஸ்வரன்


மெட்டுகுடா,
டிசம்பர், புதன்கிழமை.

அன்புள்ள மாதங்கிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன். தபால்காரர் தெருவில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டே போகிறார். கடைசியில் ஹர்ஷிதாவே ஒரு நாள், ஸ்ரீஜா வீட்டுக்குக் கூட்டிப் போ, நான் சாரி சொல்ல வேண்டும் என்றாள். குழந்தை கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனோம்.

அவர்கள் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேணுகோபால் திருப்பதி ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றல் வாங்கிவிட்டார். எனக்கு அதுவரை தெரியாது. ஸ்ரீஜாவின் அம்மா ஜலஜா அக்கா கதவைத் திறந்தார். உன் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் ஸ்ரீஜாவுக்குக் கணக்கு வருகிறது என்று சொல்லி, உனக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார் இல்லையா, அதே ஜலஜா அக்கா. ரொம்ப இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனவர், பின்னால் ஹர்ஷிதாவைப் பார்த்துவிட்டுச் சாத்தாமல் நின்றார்.

வாசலில் நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேணுகோபால் கயிறு கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தவே இல்லை. நான் முடித்ததும் ஜலஜா அக்கா சொன்னார், இது எங்களுக்குத் தெரியும் என்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றே ஸ்ரீஜா சொல்லிவிட்டாளாம், டீச்சர் இல்லை, ஹர்ஷிதா என்று. வேணுகோபால்தான் நம்பவில்லை. டீச்சரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கும்போது, டீச்சர் மேல் இருக்கிற பிரியத்தில் பொய் சொல்கிறாயா என்று குழந்தையை மிரட்டியிருக்கிறார். கட்டுப் போட்ட கையோடு அவள் திரும்பத் திரும்பச் சொல்ல, இன்னொரு தடவை சொன்னால் அடிப்பேன் என்றாராம். அதன் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். எதையுமே சொல்வதை விட்டுவிட்டாள் என்றார் ஜலஜா அக்கா.

இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் இனிமேல் உன்னிடம் எதையும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் வேணுகோபால் வாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்துப் பேசினார். "யார் கைன்னு தெரிஞ்சா எம் பொண்ணு விரல் நிமிர்ந்துடுமா? நான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? போங்க ஜெகதீஸ்" என்றார். புகாரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஹர்ஷிதா என் கையை விட்டுவிட்டு அதன் எதிரில் போய் நின்றாள். "ஸ்ரீஜா, சாரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். உள்ளே யாரோ நகர்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. ஜலஜா அக்கா ஹர்ஷிதாவின் தலையில் கை வைத்து, அவ தூங்குறா கண்ணு என்றார். தூங்கவில்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வார இறுதியிலேயே அவர்கள் போய்விட்டார்கள். விலாசம் கேட்க எனக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதம் தாமதமானது.

முதலில் இதைப் படி. அவள் நன்றாக இருக்கிறாள். காயம் ஆறிவருகிறது. விரல்கள் மடங்குகின்றன, நிமிர்கின்றன. டாக்டர் பார்த்துவிட்டார், தழும்புகூட அதிகம் தெரியாது என்கிறார்.

நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று போனேன். திரும்பி வந்தபோது அவள் சமையலறைக்குள் நின்றாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உள்ளே வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், மாதங்கி. அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். வலது கை. தெரியாமல் பட்டது இல்லை. அழவில்லை. தண்ணீரில் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்ப ஈக்வல் ஆயிடுச்சா அப்பா?" என்று கேட்டாள்.

உனக்கு எத்தனை விதமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடு. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா அவளோடு தனியாகப் பேசினார். வாரம் ஒரு நாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்தக் குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவார் என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டேன். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. ஷெட்டில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அவளைத் தனியாக விடுவதில்லை. பள்ளிக்கு அனுப்பவில்லை. இந்த வருஷம் போனால் போகட்டும்.

நான் உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை. நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்று மச்சான் நேற்று என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். நீ இரவு முழுக்கக் கண் மூடாமல் இருப்பதையும், அண்ணி உன் அறையிலேயே படுத்துக்கொள்வதையும், ஏன் படுத்துக்கொள்கிறார் என்பதையும் சொன்னார். அங்கே வேலூரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், மச்சான் கூப்பிட்டால் மறுக்காமல் போ.

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நானும் அவளும் வருகிறோம். உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று அவளிடம் சொன்னபோது, அம்மா வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டாள். சொல்ல மாட்டாள் என்று உனக்காக நானே சொல்லிவிட்டேன். அதை மட்டும் காப்பாற்று. நீ அவளிடம் பேச வேண்டாம். அணைத்துக்கொள்ள வேண்டாம். அவள் கைக்கட்டைப் பார்த்து அழுதாலும் பரவாயில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. அதற்கு மேல் உன்னை நான் எதுவும் கேட்க மாட்டேன், எப்போதும்.

எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாச் சாமியிடமும் உன்னை ஒப்படைத்திருக்கிறேன். ரயில் தாமதமானாலும் ஞாயிறு வந்துவிடுவோம். நாங்கள் வந்து சேரும் வரை இரு, மாதங்கி. தயவுசெய்து இரு.

உன்,
ஜெகதீஸ்